ஆம்ஸ்டர்டாமிலிருந்து ஒரு நாள் பயணம்: அப்பா அம்மாவை எங்கே அழைத்துப் போகலாம்?

காவிரிக்கரையான்
வணக்கம். ஏப்ரல் இரண்டாம் வாரம் கும்பகோணத்திலிருந்து அப்பாவும் அம்மாவும் வருகிறார்கள். நாங்கள் ஆம்ஸ்டர்டாமை ஒட்டிய ஆம்ஸ்டல்வீனில் இருக்கிறோம். கால்வாய்ப் படகு, அருங்காட்சியகம் எல்லாம் இரண்டு நாளில் முடிந்துவிடும். அதற்குப் பிறகு, காலையில் கிளம்பி இரவுச் சாப்பாட்டுக்கு வீடு திரும்புகிற மாதிரி மூன்று நான்கு ஊர் காட்ட ஆசை.

அப்பாவுக்கு 71 வயது. பொதுப்பணித் துறையில் பாசனப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எந்த ஊருக்குப் போனாலும் முதலில் மதகைத்தான் தேடுவார். அம்மாவுக்கு முழங்கால் வலி, நீண்ட தூரம் நடக்க முடியாது. இருவரும் சுத்த சைவம், முட்டையும் கிடையாது. சொந்தமாகக் கார் இல்லை. அனுபவப்பட்டவர்கள் வழி சொல்லுங்கள்.

வாழையிலை
வாங்க, நாங்களும் ஆம்ஸ்டல்வீன்தான். போன வருடம் என் மாமனார் மாமியாரை அழைத்துக்கொண்டு சுற்றினேன், அதிலிருந்து சொல்கிறேன்.

முதல் நாள் ஸான்ஸே ஸ்கான்ஸ், பழைய காற்றாலைகள் உள்ள இடம். ஆம்ஸ்டர்டாம் சென்ட்ரல் ரயில் நிலையத்திலிருந்து ஸ்பிரிண்டர் ரயிலில் 20 நிமிடம்கூட ஆகாது. இறங்கி ஆற்றுப் பாலத்தைத் தாண்டிக் கால் மணி நேர நடை. அம்மாவுக்கு அது கொஞ்சம் அதிகம், நடுவில் உட்கார்ந்து போங்கள். காற்று சரியாக அடித்தால் பக்கத்துத் தொழிற்சாலையிலிருந்து கோக்கோ வறுக்கும் வாசனை பாலத்திலேயே மூக்கைத் துளைக்கும்.

சாப்பாட்டுக்கு வெளியே எதையும் நம்ப வேண்டாம், புளிசாதம் கட்டிக்கொண்டு போய்விடுங்கள். சீஸ் ருசி பார்க்கக் கொடுப்பார்கள். பெரும்பாலான பழைய வகைகளில் பாலை உறைய வைக்கக் கன்றுக்குட்டியின் வயிற்றிலிருந்து எடுத்த பொருளைச் சேர்க்கிறார்கள், அதன் பெயர் ஸ்ட்ரெம்செல். கடையில் "வெகெடாரிஷ் ஸ்ட்ரெம்செல்" உள்ள சீஸ் எது என்று கேளுங்கள், எடுத்துக் காட்டுவார்கள். உருளைக்கிழங்கு வறுவலைச் சில கடைகளில் மாட்டுக் கொழுப்பில் பொரிப்பதுண்டு, அதையும் கேட்டு வாங்குங்கள். முட்டைக்கு டச்சில் "ஐ", எழுத்தில் "ei". பாக்கெட் வாங்கினால் அந்த ஒரு சொல்லைத் தேடினால் போதும். பொஃபர்ச்செஸ் பார்க்க நம்ம பணியாரம் மாதிரியே இருக்கும், ஆனால் முட்டை உண்டு.

மிதிவண்டி வேலு
ஸான்ஸே ஸ்கான்ஸைப் பற்றி என் கருத்து வேறு. அது இயல்பாக வளர்ந்த கிராமம் இல்லை. 1960-களிலும் 70-களிலும் ஸான் ஆற்றுப் பகுதியில் இடிபட இருந்த மர வீடுகளையும் ஆலைகளையும் பெயர்த்துக் கொண்டுவந்து அங்கே வைத்தார்கள். பத்து மணிக்கு மேல் பேருந்து பேருந்தாகக் கூட்டம் வந்து இறங்கும். முழங்கால் வலி உள்ளவர் அந்தக் கூட்டத்தில் என்ன பார்ப்பார்?

அதற்குப் பதில் சென்ட்ரலுக்குப் பின்னால் இலவசப் படகில் நீர்ப்பரப்பைக் கடந்து வடக்கே போங்கள். டுர்கர்டாம், ரான்ஸ்டோர்ப், ஹோலிஸ்லோட், புரூக் இன் வாட்டர்லாண்ட். சைக்கிளில் போனால் நம்பர் போட்ட சந்திப்புகள் உண்டு. நம்பர்களை ஒரு துண்டுத் தாளில் எழுதிக்கொண்டால் வரைபடமே வேண்டாம். பெற்றோரோடு என்றால் புரூக்குக்குப் பேருந்து இருக்கிறது. சின்ன ஏரி, அதைச் சுற்றி வெளிர் சாம்பல் நிற மர வீடுகள், ஏரிக்கரையில் உட்காரப் பெஞ்சு. அரை நாள் அங்கேயே இருக்கலாம்.

வாழையிலை
வேலு அண்ணா, பெயர்த்து வைத்தது என்பதற்காக அதைத் தள்ளிவிட முடியாது. பெயர்த்து வைக்காவிட்டால் அவை இன்று இருந்தே இருக்காது. "டி கட்" ஆலைக்குள் போய்ப் பாருங்கள். இரண்டு ராட்சதக் கல் உருளைகள் காற்றின் வேகத்தில் சுற்றிச் சுற்றி ஓவியர்களுக்கான நிறக்கல்லைப் பொடியாக்குகின்றன. என் மாமனார் அதைப் பார்த்ததும் "செக்கு!" என்றார். நகரவே மாட்டேன் என்று நின்றுவிட்டார். காலை ஒன்பது மணிக்குப் போய்விட்டால் கூட்டமும் இல்லை.

மிதிவண்டி வேலு
ஒன்பது மணி என்றால் ஒப்புக்கொள்கிறேன். மரம் அறுக்கும் ஆலையையும் விட்டுவிடாதீர்கள். பக்கத்து ஊரான அய்ட்கீஸ்ட்டில் கொர்னேலிஸ் கொர்னேலிஸ்ஸோன் என்பவர் 1590-களில் காற்றாலையின் சுற்றுகிற அச்சை மேலும் கீழும் போகிற ரம்பமாக மாற்ற வழி கண்டார். கையால் அறுத்த பலகை காற்றால் அறுபட ஆரம்பித்தது. இந்த நாடு அவ்வளவு கப்பல் கட்டியதற்கு அதுவும் ஒரு காரணம்.

புதுவரவு
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். கால்வாய்களுக்கு நடுவே இருக்கும் கீத்தோர்ன் கிராமத்துக்குப் போகலாமா? ஊரில் எல்லோரும் அந்தப் படத்தைத்தான் அனுப்பிக் கேட்கிறார்கள். ஒரே நாளில் ஸான்ஸே ஸ்கான்ஸ், ஃபோலென்டாம், மார்க்கன், கீத்தோர்ன் நான்கும் காட்டுகிற வேன் பயணம் ஒன்று பார்த்தேன்.

வாழையிலை
தயவுசெய்து வேண்டாம். நாங்கள் அப்படி ஒன்றில் போய் மாட்டிக்கொண்டோம், நிறுவனத்தின் பெயர் வேண்டாம். ஆலையடியில் முக்கால் மணி நேரம். அதற்கப்புறம் ஒரு சீஸ் கடைக்குள்ளும் மரச்செருப்புக் கடைக்குள்ளும் ஒரு மணி நேரத்துக்கு மேல். மார்க்கனில் இறங்கி மாமியார் கழிப்பறை தேடி முடிப்பதற்குள் வண்டி கிளம்புகிறது என்று கூப்பிட்டார்கள். அவர் ஊரையே பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்து, "இன்னிக்கு எங்கடி போனோம்?" என்று கேட்டார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஒரு நாளைக்கு ஒரு ஊர், மிஞ்சினால் இரண்டு. வயதானவர்களோடு போகும்போது இதை மட்டும் மீறாதீர்கள்.

கீத்தோர்ன் அழகான ஊர்தான். ஆனால் ஸ்டேன்வைக் வரை ரயில், பிறகு பேருந்து, போக மட்டும் இரண்டு மணி நேரம் ஆகும். அங்கே ஓர் இரவு தங்கினால் சரி.

ரயில்பயணி
போக்குவரத்து பற்றி யாரும் சொல்லவில்லை, நான் சொல்கிறேன்.

ரயில், பேருந்து, டிராம் எல்லாவற்றிலும் வங்கி அட்டையைத் தட்டி ஏறலாம், தட்டி இறங்க வேண்டும். ஒரு அட்டைக்கு ஓர் ஆள்தான். அப்பாவுக்கு ஒன்று, அம்மாவுக்கு ஒன்று என்று தனித்தனியாக வேண்டும். ஊரிலிருந்து கொண்டுவரும் அட்டை என்றால் வெளிநாட்டுப் பயன்பாட்டைக் கிளம்பும் முன்பே திறந்துவிடச் சொல்லுங்கள். ஏறும்போது போனைத் தட்டிவிட்டு இறங்கும்போது அட்டையைத் தட்டக்கூடாது. இரண்டும் ஒரே கணக்குதான் என்றாலும் இயந்திரத்துக்கு அவை இரண்டு ஆட்கள். இறங்கும்போது தட்ட மறந்தால் கூடுதலாகப் பிடிப்பார்கள், இணையத்தில் எழுதித் திரும்ப வாங்க வேண்டியிருக்கும். பேருந்தில் ரொக்கம் வாங்க மாட்டார்கள்.

ரயிலில் 40 சதவீதத் தள்ளுபடி தரும் மாதச் சந்தா ஒன்று உண்டு. வார நாட்களில் காலை 6:30 முதல் 9 வரையும், மாலை 4 முதல் 6:30 வரையும் அது செல்லாது. சனி ஞாயிறு முழுக்கச் செல்லும். சுற்றுப் பகுதிக்கு ஒரு நாள், இரண்டு நாள், மூன்று நாள் பயணச்சீட்டும் தனியாகக் கிடைக்கிறது. மார்க்கன், ஃபோலென்டாம் பக்கம் பேருந்தில் அலைவதற்கு அது லாபம்.

அந்தப் பேருந்துகள் சென்ட்ரலின் முன்பக்கம் நிற்காது. பின்பக்கம், தண்ணீரைப் பார்த்த மேல்தளத்தில் நிற்கும். மின்தூக்கி இருக்கிறது, அம்மாவைப் படியேற விடாதீர்கள்.

தீவான்
வணக்கம் தம்பி. நான் நெடுந்தீவில பிறந்தனான். இப்ப டென் ஹெல்டரில இருக்கிறன். உங்கட இழையைப் பார்த்தாப் பிறகு எழுதாமல் இருக்க முடியேல்லை.

நெடுந்தீவுக்கு ஒல்லாந்தர் வைச்ச பேர் டெல்ஃப்ட். எங்களைச் சுத்தி இருந்த தீவுகளுக்கெல்லாம் தங்கட ஊர்ப் பேரைத்தான் வைச்சவை. வேலணை லெய்டன். நயினாதீவு ஹார்லெம். காரைநகர் ஆம்ஸ்டர்டாம். புங்குடுதீவு மிடில்பர்க். மற்றப் பேரெல்லாம் போச்சுது, டெல்ஃப்ட் மட்டும் இண்டைக்கும் நிக்குது. சின்னனில குறிகட்டுவானில வள்ளம் ஏறேக்க, டெல்ஃப்ட் எண்டு ஒரு ஊர் உண்மையா எங்கையோ இருக்குது எண்டு எனக்குத் தெரியாது. இஞ்ச வந்து ரயிலில போகேக்க அறிவிப்பில "டெல்ஃப்ட்" எண்டு சொன்னாங்கள். நான் அப்பிடியே எழும்பி நிண்டிட்டன். வேற எங்கையோ போக வேண்டிய ஆள், அதில இறங்கிப்போனன்.

டெல்ஃப்ட் ஆம்ஸ்டர்டாமில இருந்து ஒரு மணித்தியாலம். ஓவியர் வெர்மீர், நுண்ணுயிரைக் கண்ட லேவன்ஹூக், யாழ்ப்பாணத்தில பாதிரியா இருந்து எங்கட நாட்டைப் பற்றிப் பெரிய புத்தகம் எழுதின பால்தேயஸ், மூண்டு பேரும் 1632-இல அந்த ஊரில பிறந்தவை. பால்தேயஸின்ர புத்தகம் 1672-இல ஆம்ஸ்டர்டாமில அச்சானது, அதில தமிழ் எழுத்தும் இருக்கு. சந்தைத் திடலில புதிய தேவாலயத்துக்கும் நகர மண்டபத்துக்கும் நடுவில நிண்டு பாருங்கோ, வடிவா இருக்கும். அம்மாவை அங்க ஒரு கடையில இருத்திப்போட்டு நீங்கள் சுத்தி வரலாம்.

ஏட்டுச்சுவடி
தீவான் ஐயா, நன்றி. லெய்டன் என்று சொல்லிவிட்டீர்கள், நான் சும்மா இருக்க முடியாது. காவிரிக்கரையான், உங்கள் ஊர்க்காரர்கள் கட்டாயம் போக வேண்டிய ஊர் அதுதான். சென்ட்ரலிலிருந்து 35 நிமிடம்.

ஆனைமங்கலச் செப்பேடுகளை உலகம் லெய்டன் செப்பேடுகள் என்று ஏன் அழைக்கிறது? தலைமுறை தலைமுறையாக லெய்டன் பல்கலைக்கழகத்தில் இருந்ததால்தான். பெரிய தொகுதியில் 21 ஏடுகள், சோழ முத்திரை பதித்த வளையத்தில் கோத்தவை. நாகப்பட்டினத்தில் ஸ்ரீவிஜய அரசர் எழுப்பிய சூடாமணி விகாரம் என்ற பௌத்தப் பள்ளிக்கு முதலாம் ராஜராஜன் ஆனைமங்கலம் கிராமத்தைக் கொடுத்ததும், ராஜேந்திரன் அதைச் செப்பேட்டில் பொறித்ததும் அதில் இருக்கின்றன. சிறிய தொகுதியில் 3 ஏடுகள், முதலாம் குலோத்துங்கன் காலத்தவை. கிராமத்தின் எல்லை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, எந்த வாய்க்காலில் தண்ணீர் பாய்ச்சலாம் என்பதெல்லாம் எழுதிய ஆவணம். உங்கள் அப்பாவுக்கு அந்த மொழி தெரியாமல் இருக்காது.

நாகப்பட்டினத்தை டச்சுக்காரர்கள் 1658-இல் பிடித்தார்கள், 1781 வரை வைத்திருந்தார்கள். நேரே போனால் ஏடுகளைப் பார்க்க முடியும் என்று எண்ணிப் போகாதீர்கள், அவை இன்னும் அங்கே இருக்கின்றனவா என்று பல்கலைக்கழக நூலகத்துக்கு முன்பே எழுதிக் கேளுங்கள். ஏடு பார்க்க முடியாவிட்டாலும் 1590-இல் தொடங்கிய தாவரவியல் தோட்டம் இருக்கிறது. உட்கார இடம் நிறைய.

காவிரிக்கரையான்
எல்லோருக்கும் நன்றி. ஆனைமங்கலம் என்றதும் அப்பா போனிலேயே, "நாகப்பட்டினம் பக்கத்துல இருக்கே, அதானே?" என்று கேட்டார். ட்யூலிப் தோட்டம் வேண்டாமா?

வாழையிலை
கட்டாயம் வேண்டும். கோய்கன்ஹோஃப் மார்ச் நடுவிலிருந்து மே நடுவரைதான் திறந்திருக்கும். நுழைவுச்சீட்டை நேரம் குறித்து முன்பே வாங்குங்கள், சக்கர நாற்காலியும் கேட்டு வைத்துவிடுங்கள். ஏப்ரல் 27 அரசர் தினம், அன்று எந்தப் பயணமும் வைக்காதீர்கள், ரயில் பிதுங்கும்.

அம்மாவுக்கு ஹார்லெமும் பிடிக்கும். ரயிலில் கால் மணி நேரம். நாட்டின் முதல் ரயில் பாதை 1839-இல் போட்டது அந்த வழியில்தான். பெரிய தேவாலயத்தில் உள்ள ஆர்கனை 10 வயது மொஸார்ட் வாசித்திருக்கிறார். யாராவது வாசிக்கும் நேரமாகப் பார்த்துப் போங்கள்.

ரயில்பயணி
அப்பாவுக்கு வெள்ளிக்கிழமை ஆல்க்மார் சீஸ் சந்தை. மார்ச் கடைசியிலிருந்து செப்டம்பர் வரை, காலை 10 மணிக்கு மணி அடித்துத் தொடங்கும். ஒன்பதரைக்கே போனால்தான் முன்வரிசை கிடைக்கும்.

அன்று வாடகைக் கார் எடுக்க முடிந்தால் அப்படியே ஸ்கெர்மர்ஹோர்ன் ஆலை அருங்காட்சியகத்துக்குப் போய்விடுங்கள். ஆல்க்மாருக்கும் ஹோர்னுக்கும் நடுவில். நீர்ப்பாசனக்காரரைக் கூட்டிக்கொண்டு இந்த நாட்டுக்கு வந்துவிட்டு அதைக் காட்டாமல் அனுப்பாதீர்கள்.

காவிரிக்கரையான்
மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். மன்னிக்கவும், கொஞ்சம் நீளம்.

வாழையிலை அக்கா சொன்னபடி ஒரு நாளைக்கு ஒரு ஊர் என்றே வைத்துக்கொண்டோம். கோய்கன்ஹோஃப் போனோம். அம்மா ஐந்நூறு படம் எடுத்திருப்பார், அதைப் பற்றி எழுத வேறு எதுவும் இல்லை. லெய்டன் நூலகத்துக்குத் தாமதமாக எழுதினேன், அதனால் செப்பேடு பார்க்கவில்லை. தோட்டத்தில் உட்கார்ந்து தயிர்சாதம் சாப்பிட்டோம். அப்பா கால்வாயைப் பார்த்தபடி, "ராஜராஜன் பேர் இந்த ஊர்ல இருந்திருக்கு பாரு" என்று இரண்டு முறை சொன்னார்.

மார்க்கனுக்குப் பேருந்தில் போனோம். 1957 வரை அது தீவு, பிறகுதான் கரைச்சாலை போட்டார்கள். வீடுகள் எல்லாம் பச்சை, வெள்ளை. மேடு கட்டி அதன் மேலும், மேடு போதாத இடத்தில் கால் ஊன்றியும் கட்டியிருக்கிறார்கள். கடல் ஏறி வந்தால் தண்ணீர் வீட்டுக்கு அடியில் போகட்டும் என்று. 1916 வெள்ளத்தில் இந்த ஊர் பட்ட பாட்டுக்குப் பிறகுதான் கடலையே அடைக்கும் வேலை வேகம் பிடித்தது. 1932-இல் 32 கிலோமீட்டர் அணை கட்டி முடித்தார்கள், கடல் ஏரியானது. அந்தக் கதையைக் கேட்டுவிட்டு அம்மா, "நாகப்பட்டினத்துல சுனாமி அன்னிக்கு இப்படிக் கால் வச்ச வீடா இருந்திருந்தா" என்றார், மேலே பேசவில்லை. குளிர்காற்று காதில் அறைந்தது. ஏப்ரல்தானே என்று நினைத்துவிடாதீர்கள், மங்கி குல்லா வேண்டும்.

ஆல்க்மார். வெள்ளை உடை, வைக்கோல் தொப்பி, தொப்பியில் சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்று குழுவுக்கு ஒரு நிறம். 1593 முதல் இருக்கும் சங்கமாம். எட்டுப் பெரிய சீஸ் ஏற்றிய மரத்தூக்கை இரண்டு பேர் தோள்பட்டையிலிருந்து தொங்கும் வாரில் மாட்டிக்கொண்டு, ஒரு மாதிரிக் குறுநடை போட்டு ஓடுகிறார்கள். நூறு கிலோவுக்கு மேல் கனம், ஆனால் தூக்கு ஆடவே இல்லை. அம்மா என் கையைப் பிடித்து, "சாரங்கபாணி கோயில் ஸ்ரீபாதம் தாங்கிகள் நடை பாரேன்!" என்றார். அதற்கப்புறம் தூக்குகிறவர்களின் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார், சீஸைப் பார்க்கவில்லை.

விலை பேசுவதை அப்பா பார்த்தார். ஒருவர் குழாய் மாதிரி ஓர் ஊசியைச் சீஸில் குத்தி ஒரு துண்டை எடுத்து, விரலில் நசுக்கி, மோந்து, கடித்துப் பார்க்கிறார். பிறகு இருவரும் மாறி மாறி உள்ளங்கையில் தட்டித் தட்டி விலை சொல்கிறார்கள். கடைசித் தட்டில் வியாபாரம் முடிந்தது. இப்போது அது காட்சிக்காக நடப்பதுதான், அதை மறைக்கவும் இல்லை. அப்பாவுக்கு அது பொருட்டே இல்லை. "நம்ம மாட்டுச் சந்தையில துண்டுக்கு அடியில விரலைப் பிடிச்சுப் பேசுவான், இவன் வெளிச்சத்துல பேசுறான்" என்றார்.

பிறகு ஸ்கெர்மர்ஹோர்ன். ரயில்பயணிக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. ஸ்கெர்மர் முழுக்க ஏரியாக இருந்த இடம். 1635-இல் வற்ற வைத்தார்கள், 52 ஆலைகள் வைத்து. இன்று 11 மிச்சம். முதலில் சுற்றிலும் கரையும் வாய்க்காலும் வெட்டிவிட்டு, உள்ளே இருக்கும் தண்ணீரை ஆலையால் தூக்கி அந்த வாய்க்காலில் விடுகிறார்கள். ஒரே ஆலை முழு உயரத்துக்கும் தூக்க முடியாது. கீழ் ஆலை, நடு ஆலை, மேல் ஆலை என்று படி படியாக ஏற்றி விடுகிறார்கள்.

அன்று காற்று இருந்தது. ஆலைக்குள் மரம் முனகுகிற சத்தம், தரையில் மெல்லிய அதிர்வு. கீழே சாய்வாகப் படுத்திருக்கும் பெரிய மரத் திருகு சுற்றச் சுற்ற, பழுப்புத் தண்ணீர் வரிக்கு வரி மேலே ஏறி அந்தப் பக்கம் கொட்டுகிறது. அப்பா கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்தார், கால் மணி நேரம் நிமிரவில்லை. பிறகு ஆலைக்காரரிடம் என்னை மொழிபெயர்க்கச் சொல்லிக் கேட்டார்: "காற்று இல்லாத நாளில் என்ன செய்தீர்கள்?" காத்திருந்தோம் என்றார் அவர். "காற்று திசை மாறினால்?" மேல் கூரையையே திருப்புவோம் என்று மாடிக்கு அழைத்துப்போய்ச் சக்கரத்தைக் காட்டினார். கரைக்கும் மதகுக்கும் யார் செலவு செய்வது என்று அடுத்த கேள்வி. நீர் வாரியங்கள் இருக்கின்றன, நாட்டில் 21, அவற்றுக்குத் தனித் தேர்தல், தனி வரி என்றார். அப்பா என்னிடம், "குடிமராமத்துடா இது. நாம விட்டுட்டோம், இவங்க விடல" என்றார். அவர் குரல் கம்மியிருந்தது.

திரும்பும் வழியில் காரில், "நாங்க முப்பது வருஷமா தண்ணிய வயலுக்குள்ள கொண்டு வரத்தான் பாடுபட்டோம். இவங்க நானூறு வருஷமா வெளிய தள்ளப் பாடுபடறாங்க" என்றார். இரவு வீட்டில் தாளும் பென்சிலும் கேட்டு வாங்கி அந்தத் திருகை வரைந்தார். படத்தை ஃபிரிட்ஜில் ஒட்டி வைத்திருக்கிறேன்.

மிதிவண்டி வேலு
படித்துவிட்டு வெகு நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். அந்த ஆலைப் பக்கம் பத்து முறை சைக்கிளில் போயிருப்பேன், உள்ளே போனதில்லை. பக்கத்திலேயே பேம்ஸ்டர் இருக்கிறது, 1612-இல் வற்ற வைத்த நிலம், 1999 முதல் யுனெஸ்கோ பட்டியலில். வயல், சாலை, வாய்க்கால் எல்லாம் அளவுகோல் வைத்துக் கோடு போட்ட மாதிரி இருக்கும். சாலையில் நின்று பார்த்தால் வாய்க்காலில் போகும் படகு உங்கள் தலைக்கு மேலே போகும். அப்பாவை அடுத்த முறை அங்கே அழைத்துப் போங்கள்.

தீவான்
தம்பி, அவையள் இன்னும் நிக்கினமோ? நிண்டால் டென் ஹெல்டருக்கு ஒருக்கால் கூட்டிக்கொண்டு வாங்கோ. ஆம்ஸ்டர்டாமில இருந்து நேர ரயில், ஒண்டேகால் மணித்தியாலம். இஞ்ச நாங்கள் கட்டின வரதராஜ செல்வவிநாயகர் கோயில் இருக்கு. அம்மா கும்பிடட்டும். அப்பாவுக்குக் கடலை மறிச்சு நிக்கிற கரை இருக்கு, அதில ஏறி நிண்டால் டெக்ஸல் தீவு தெரியும். ஸ்டேஷனுக்கு நான் கார் கொண்டு வாறன், அம்மா நடக்கத் தேவையில்லை.

காவிரிக்கரையான்
அடுத்த புதன் வரை இருக்கிறார்கள் ஐயா. ஞாயிறு காலை ஒன்பது மணி ரயிலில் வருகிறோம். அம்மா கேட்கிறார்: தேங்காய், நல்லெண்ணெய் எல்லாம் அங்கே கிடைக்குமா, இங்கிருந்து வாங்கி வர வேண்டுமா?

தீவான்
எல்லாம் இஞ்ச இருக்கு. வெறுங்கையோட வாங்கோ. மத்தியானச் சாப்பாடு எங்கட வீட்டில, மரக்கறிதான். முட்டையும் இல்லை எண்டு மனிசியிட்டச் சொல்லிப்போட்டன்.